கன்ட்ரோலிலும் இருந்த பீக்

கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும், தட்டில் இருக்கும் குப்பிகள் அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து போடச் சொல்கிறார் உங்கள் அமலி மேடம். இப்போது யுபிஎஸ் இருக்கிறது, குளிர்தட்டு நிற்பதே இல்லை, பிறகு எதற்கு இந்தப் பிடிவாதம் என்று நீங்கள் கேன்டீனில் முணுமுணுப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த விதி வந்ததற்குக் காரணம் நான்தான்.

ஓய்வு பெற்றவர்கள் புதியவர்களுக்காகத் தங்கள் அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்று கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். பிறகு அமலியே போன் செய்தாள். உங்களுக்கு அவர் மேடம், தலைமை ஆய்வாளர். எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த பெண் என்பதால் நான் அவளை ஒருமையில்தான் சொல்லிப் பழகியிருக்கிறேன். "நல்லது மட்டும் எழுதுறதா இருந்தா வேணாம் சார்" என்றாள். அதற்குப் பிறகு மறுக்க என்னிடம் காரணம் இல்லை.

நாம் செய்யும் வேலை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இதைப் படிக்கும் எல்லோரும் வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். செடியிலிருந்து பிரித்த ஒரு பொருளை விழுங்கினால் கல்லீரல் அதை அப்படியே விடாது. ஆக்ஸிஜனை ஒட்டும், ஹைட்ரஜனைப் பிடுங்கும், ஓரத்தில் தொங்குவதைக் கழற்றிவிடும். அப்படி மாறி வரும் வளர்சிதைப் பொருள்தான் சில சமயம் நல்லது செய்கிறது, சில சமயம் கெடுதல் செய்கிறது. அதை மனிதனுக்குக் கொடுப்பதற்கு முன்பே ஊகிக்க முடியுமா என்பதுதான் நம் கேள்வி. கல்லீரலின் நொதியைப் போல நடந்துகொள்ளும் ஓர் இரும்புச் சேர்மத்தையும் கொஞ்சம் பெராக்சைடையும் குப்பிக்குள் சேர்த்து, அந்தப் பொருளை நாமே ஆக்ஸிஜனேற்றம் செய்கிறோம். பிறகு நிறைமானியில் மூலக்கூறுகளை நிறுத்துப் பார்க்கிறோம். ஒவ்வொரு நிறைக்கும் திரையில் ஒரு கூர்முனை எழும், அதைத்தான் பீக் என்கிறோம். பதினாறு கூடியிருந்தால் ஓர் ஆக்ஸிஜன் சேர்ந்திருக்கிறது. இரண்டு குறைந்திருந்தால் இரண்டு ஹைட்ரஜன் போயிருக்கிறது. பக்கத்திலேயே பெராக்சைடு சேர்க்காத ஒரு குப்பியும் இருக்கும். அதுதான் கன்ட்ரோல். எதுவும் செய்யாமல் விட்டது. செய்ததற்கும் செய்யாததற்கும் உள்ள வித்தியாசம்தான் நம் விடை.

கேட்பதற்கு எளிது. நான் இதில் இரண்டு முறை விழுந்தேன். முதல் முறை விழுந்தபோது கற்ற பாடம்தான் இரண்டாவது முறை என்னைத் தள்ளிவிட்டது. அதனால் முதலாவதையும் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் இந்த நிறைமானி இயந்திரம் கிடையாது. சாறுகளைத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடைத்து, ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பெங்களூர் போவேன். அங்கே ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் தயவு பண்ணிக் கொஞ்ச நேரம் இயந்திரத்தைக் கொடுப்பார்கள். அப்படி ஒரு தடவை, ஆக்ஸிஜனேற்றம் செய்த குப்பியில் 391 என்ற எண்ணில் ஒரு பீக் நிமிர்ந்து நின்றது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத வளர்சிதைப் பொருள் என்று முடிவு கட்டினேன். கன்ட்ரோலைப் போட நேரமில்லை, போடவும் இல்லை. மதுரையில் நடந்த ஒரு கூட்டத்தில் அந்தப் பீக்கைத் திரையில் காட்டி அரை மணி நேரம் பேசினேன். முன்வரிசையில் இருந்த வயதான விஞ்ஞானி ஒருவர் கை தூக்கினார்.

"தம்பி, 391 உங்க செடியோடது இல்ல. பிளாஸ்டிக்கை வளைய வைக்கிறதுக்குச் சேர்க்கிற எண்ணெயோடது. எங்க வீட்டுப் பால் பாக்கெட்டைக் கழுவிக் கொண்டு வந்தாலும் கிடைக்கும்."

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. அன்றைக்குத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறியவன் கொடைரோடு தாண்டும்வரை தலை நிமிரவில்லை. அதன் பிறகு எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன்: கன்ட்ரோலில் ஒரு பீக் துளி தெரிந்தாலும் அதைக் கழித்துவிட வேண்டும், கேள்வியே இல்லை. எனக்குக் கீழே வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிக் கொடுத்தேன். பாடம் சரிதான். ஆனால் நான் அதை அறிவினால் கற்கவில்லை, சிரிப்புக்குப் பயந்து கற்றேன். பயந்து கற்றதை எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நம் கம்பெனி இயந்திரம் வாங்கியது. புதியதில்லை; சென்னையில் எவரோ பயன்படுத்திக் கழித்தது. லாரியிலிருந்து இறக்கியபோது முதலாளி பூசணிக்காய் உடைத்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர். காய்கறி மண்டிக் குடும்பம். இலையைக் காயவைத்து விற்பதில் தொடங்கி, வத்தலக்குண்டு சாலையில் சாறு பிரிக்கும் ஆலை போட்டவர். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் ஆய்வகத்துக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வருவார். வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சரக்காக இருந்தாலும் முதல் லாட்டை ஆலையில் இருக்கிறவர்கள் சாப்பிட வேண்டும். "நாம வாயில போடாதத ஊரான் வாயில போடக்கூடாதுங்க" என்பார். காலை டீ நேரத்தில் ஷெட்டுக்குக் கீழே நின்று, முதலில் அவர் விழுங்குவார், பிறகு விருப்பப்பட்டவர்கள். விருப்பம் என்றுதான் பெயர். முதலாளி விழுங்கும்போது யார் விழுங்காமல் நிற்பார்கள்? இன்றைக்கு அதை யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. அன்றைக்கு அது எங்களுக்கு நேர்மையாகத்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் முறைப்படி சோதித்து, பயப்பட ஒன்றுமில்லை என்று ஆய்வகம் எழுதிக் கொடுக்கும். ஆய்வகம் என்றால் நான்.

இனி சொல்லப்போவது மூட்டுவலிக்காக நாங்கள் தயாரித்த ஓர் இலைச்சாற்றைப் பற்றியது. ஆத்தூர்ப் பக்கம் வேலிகளில் படரும் ஒரு கொடி. பெயரை எழுதவில்லை. அந்தக் கொடி எந்தத் தவறும் செய்யவில்லை. ஒரு கைப்பிடி இலையைக் குழம்பில் போட்டுச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆனதில்லை. நாங்கள் கூடை கூடையாக இலையை ஒரு கேப்சூலுக்குள் சுருக்கினோம்.

வெளிநாட்டில் ஒரு கம்பெனி அதைக் கேட்டது. வாங்குவதற்கு முன் ஒரு நிபந்தனை: இது உடம்புக்குள் போய் என்னவாக மாறும் என்று ஊகித்து அறிக்கை தர வேண்டும். எலியின் ஈரல் இல்லாமல், குப்பிக்குள்ளேயே நாங்கள் சொல்லிவிடுவோம் என்று நான்தான் மார்தட்டினேன். திண்டுக்கல்லில் இருந்து இப்படி ஓர் அறிக்கை போவது அதுதான் முதல் முறை. ஓய்வுக்கு முன் எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டும் என்ற ஆசை. மூன்று வருட வேலை அதில் போயிருந்தது.

மின்வெட்டு கடுமையாக இருந்த காலம். எங்கள் ஜெனரேட்டரின் தெம்புக்கு நிறைமானியும் அதன் பம்பும்தான் தாங்கும். ஏசியையும் குப்பிகள் இருக்கும் குளிர்தட்டையும் அணைத்துவிடுவோம். கோடையில், கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் உள்ளே விழும் அறையில், கரண்ட் இல்லாமல் குப்பிகள் மணிக்கணக்கில் வெந்துகொண்டிருந்த ஒரு நாளில்தான் கடைசிச் சோதனை ஓட்டம் நடந்தது.

ஆக்ஸிஜனேற்றம் செய்த குப்பியில், மூலப்பொருளின் நிறையிலிருந்து இரண்டு குறைந்த இடத்தில் ஒரு பீக், தென்னை மரம் மாதிரி. இரண்டு ஹைட்ரஜனை இழந்து, எதையாவது பற்றிக்கொள்ளத் தவிக்கும் வகை. உடம்புக்குள் அப்படி ஒன்று உருவானால் கல்லீரலின் புரதங்களைத்தான் முதலில் பற்றும். கன்ட்ரோலிலும் அதே இடத்தில் ஒரு பீக் இருந்தது. புல் மாதிரி.

அமலி அப்போது எம்எஸ்சி முடித்துச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாகல்நகரில் வீடு. திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"சார், இந்தக் கன்ட்ரோல் கரண்ட் இல்லாதப்ப வெயில்ல வெந்துச்சு. காத்துப் பட்டே மாறியிருக்கும். புதுசா ஒண்ணு போட்ருவமா? செத்த நேரந்தான் ஆகும்."

அவள் சொன்னது முழுக்கச் சரி. எனக்கும் அது தெரியும். பார்த்த அந்தக் கணமே தெரிந்தது. புதிய கன்ட்ரோலில் அந்தப் புல் இருக்காது. புல் இல்லையென்றால் தென்னையைக் கழிக்க முடியாது. தென்னை அறிக்கையில் நின்றால் மூன்று வருடமும் போய்விடும்.

"வேணாம்மா" என்றேன். "கன்ட்ரோல்ல இருந்தா அது நம்ம பெராக்சைடால வந்தது இல்ல. கழிச்சிரு."

"சரி சார்" என்றாள். என் விதி அவளுக்கு மனப்பாடம். அதை நான் உடைக்கவில்லை. அட்சரம் பிசகாமல் பின்பற்றினேன். என்னைச் சுட்டிக்காட்ட எந்தத் தவறும் எழுத்தில் இல்லை. கணினி செய்யும் அந்தக் கழித்தல் கன்ட்ரோலில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காது, இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். பல வருடம் முன்னால் பிளாஸ்டிக் எண்ணெய்க்குப் பயந்து அப்படி அமைத்து வைத்தவனும் நானே. ஒரு பொத்தானை அழுத்தியதும் அந்த இடம் சமதரையானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் அதைத் தீர்க்க வழி கையருகே இருந்தது. குளுட்டாதயோன் கொஞ்சம் சேர்த்தால் போதும். பற்றிக்கொள்ளத் தவிக்கும் பொருள் அதைப் பற்றும், மூலப்பொருளைவிட நிறை முந்நூற்றைந்து கூடும், பிறகு அது கெடுதல் இல்லை என்று யாரும் வாதாட முடியாது. பாட்டில் ஃபிரிட்ஜின் கதவிலேயே இருந்தது. தண்ணீர் எடுக்கத் திறந்தபோது கண்ணில் பட்டது. கதவை மூடினேன்.

'கவலைப்படத்தக்க வளர்சிதைப் பொருள் எதுவும் ஊகிக்கப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுவாரம் ஷெட்டுக்குக் கீழே கேப்சூல் வந்தது. முதலாளி விழுங்கினார். அடுத்து ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் சின்னராசு எல்லோரையும் விலக்கினார். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற மனிதர். "தள்ளி நில்லுங்கப்பு, மொதல்ல சார் போடட்டும். அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நாம சுவரேறிக் குதிச்சு ஓடிருவோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேப்சூலை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, குழந்தைகள் காட்டுவதுபோல வாயைத் திறந்து காட்டினேன்.

அது என் கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் இருந்தது.

முன்கூட்டியே திட்டமிட்டேன் என்று சொல்ல முடியாது. விழுங்கத்தான் போட்டேன். தொண்டை மூடிக்கொண்டது. நாக்கு தானாக அதை ஓரத்துக்குத் தள்ளியது. ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கும் குழாயடிக்குப் போவதற்குள் அதன் மேலுறை இளகி, தூள் கசிந்து, வாயெல்லாம் கசந்தது. துப்பிவிட்டு வாய் கொப்பளித்தேன். திரும்பி வந்தபோது அமலி கேப்சூலை விழுங்கிவிட்டுத் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். "லேசாக் கசக்குதுல்ல சார்" என்றாள். நான் ஆமாம் என்றேன்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். பிறகு அது கைவந்த வேலையாகிவிட்டது. வயிற்றுப் புண் இருக்கிறது, எனக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கையெழுத்துப் போட்டவரே சாப்பிடவில்லையே என்று ஒரு கேள்வி வரும். அதனால் தினமும் எல்லோருக்கும் முன்னால் வாயைத் திறந்து காட்டினேன்.

சில வாரங்களில் சின்னராசுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. வெயிலுக்கு என்றார்கள். முதலாளிக்குச் சாப்பாட்டைக் கண்டாலே பிடிக்கவில்லை. "வெஞ்சனம் எதை வெச்சாலும் இறங்க மாட்டேங்குதுங்க" என்றார். அதுவும் வெயிலுக்கு. பிறகு அமலி வேலைக்கு வரவில்லை. மஞ்சள் காமாலை என்று அவள் அண்ணன் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஊரில் தண்ணீர் சரியில்லாத நேரம், காமாலை பலருக்கும் இருந்தது. நானும் தண்ணீராகத்தான் இருக்கும் என்று சொன்னேன். அப்படிச் சொல்லிவிட்டு ஒரு வாரத்துக்கு மேல் அவளைப் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர்கள் வீட்டார் திரும்பியிருந்த நேரம், போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். எழுந்து உட்காரவே மூச்சு வாங்கியது. டாக்டர் வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டாராம். "எங்க கம்பெனிச் சாறு மட்டுந்தான் டாக்டர், அது டெஸ்ட் பண்ணது" என்று பதில் சொன்னதாகச் சொன்னாள். அவரும் அதோடு விட்டுவிட்டார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக்கொண்டு வந்த அவள் அம்மா, கூடவே நம் கேப்சூல் டப்பாவையும் எடுத்து வந்து கட்டிலில் வைத்தார்.

"இத இன்னும் சாப்பிடுறியா?" என்றேன்.

"அத மட்டும் விடல சார். பாதியில விட்டா நம்ம முடிவு முழுசா வராதுல்ல."

இதற்குப் பிறகாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இவ்வளவுதான்: "காமாலைக்கு மருந்து சாப்பிடறப்ப ரெண்டையும் கலக்க வேணாம்மா. நிறுத்திரு." எதற்கென்று கேட்டாள். சும்மாதான், ஒரு முன்னெச்சரிக்கை என்றேன். டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வாசல்வரை வந்த அவள் அம்மா, வேலை மெனக்கெட்டு வந்து பார்த்ததற்கு நன்றி சொன்னார்.

அங்கிருந்து நேராக ஆய்வகத்துக்குப் போனேன். புதிய கன்ட்ரோலை ஐஸில் வைத்து, இருட்டில் மூடி, உடனே ஓட்டினேன். புல் இல்லை. குளுட்டாதயோனைச் சேர்த்தேன். முந்நூற்றைந்து கூடிய இடத்தில் பீக் நின்றது. அந்தப் பாட்டிலை முன்பே திறந்திருந்தால் ஒரு மதியப் பொழுதுதான் ஆகியிருக்கும்.

மறுநாள் முதலாளியிடம் போனேன். பாதியைச் சொன்னேன். மின்வெட்டில் கன்ட்ரோல் கெட்டிருக்கிறது, அதனால் ஒரு பீக் தவறிவிட்டது, சாறு கல்லீரலுக்கு ஆகாது, நிறுத்த வேண்டும் என்றேன். எனக்கு முன்பே தெரியும் என்பதைச் சொல்லவில்லை. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த நிமிடமே லாட்டை முடக்கினார். எல்லோரையும் ஷெட்டுக்குக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கெழமைகூட வந்து திரும்பப் பாத்து நம்மளக் காப்பாத்திட்டாருங்க சார். அவரு சொல்லாட்டி என்ன ஆயிருக்குமுங்க" என்றார்.

சின்னராசு முதுகைச் சொறிந்துகொண்டே கைதட்டினார். நான் தலை குனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

கேப்சூலை நிறுத்தியதும் அமலிக்கு மஞ்சள் மெல்ல இறங்கியது. மூன்று மாதம் கழித்து, பாதி உடம்பாக வேலைக்கு வந்தாள். வந்ததும் அவள் செய்த முதல் காரியம், சாப்பிட்டவர்களுக்கெல்லாம் என்ன ஆனது என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதியது. கடைசியில் என்னிடம் வந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா சார்?"

"இல்லம்மா."

"நல்லவேளை சார்" என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.

நான் சொன்னது பொய்யான வாக்கியம்கூட இல்லை. ஒன்றும் பண்ணவில்லைதான். அந்த ஒரு சொல் என்ன வேலை செய்யும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

வாங்க வந்த கம்பெனி விடவில்லை. அளவைப் பாதியாகக் குறைத்தால் என்ன என்று கேட்டு எழுதியிருந்தது. முதலாளிக்கு விருப்பமில்லை. ஆனால் மறுக்கவும் அவருக்குக் காரணம் வேண்டும். அமலி, சின்னராசு, நான் என்று எங்கள் மூவரையும் தன் அறையில் உட்காரவைத்தார். அமலி தான் திரட்டியதை வாசித்தாள். தினமும் விடாமல் சாப்பிட்டதாகப் பட்டியலில் இருந்தவர்கள் நால்வர்தான். ஒருவருக்குக் காமாலை. ஒருவருக்கு அரிப்பு. முதலாளிக்குப் பசியின்மை. என் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை.

முதலாளி யோசித்தார். "சார்தானுங்க இருக்கறதுலயே வயசானவரு. முழு அளவு, ஒரு நாள் விடாமச் சாப்பிட்டாரு. அவருக்கே ஒண்ணும் ஆகலைன்னா, அந்தப் புள்ளைக்கு வந்தது நெசமாவே தண்ணியால வந்த காமாலையா இருக்கலாமுங்களே? பாதி அளவு யாரையும் என்ன பண்ணப் போகுதுங்க?"

சின்னராசு தலையாட்டினார். அமலிகூட யோசிப்பது தெரிந்தது. தன் நோய்க்கே வேறு காரணம் இருக்குமோ என்று சந்தேகப்பட ஆரம்பித்திருந்தாள். நான் சாப்பிட்டதாக நம்பியதால் வந்த சந்தேகம். பீக்கை எடுத்துக்காட்டி நான் வாதாடியிருக்கலாம். குளுட்டாதயோனைப் பற்றிச் சொன்னேன்கூட. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குப்பி என்ன சொன்னா என்னங்க, உங்க உடம்பே சொல்லுதே" என்றார். அதற்கு மேல் மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி.

"நான் சாப்பிடல" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. "ஏதோ ஒரு நாளு விட்டுட்டீங்களாங்க?"

"ஒரு நாளும் சாப்பிடல. வாயில வெச்சுக்கிட்டுப் போய்த் துப்பிட்டேன். அந்தப் பீக்கை மொதல் நாளே பாத்தேன். அமலி புது கன்ட்ரோல் போடலாம்னு கேட்டா. நாந்தான் வேண்டாம்னேன்."

முதலாளி கோபப்படவில்லை. குரல்கூட உயரவில்லை.

"நாங்க முழுங்கறதப் பாத்துக்கிட்டே நின்னீங்களாங்க?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். சின்னராசு என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அமலி அழுவாள் அல்லது எழுந்து போவாள் என்று நினைத்தேன். அவள் தன் தாளைத் திருப்பி மறுபடி படித்தாள். எதையும் தவறவிடாத கண்கள் அவளுடையவை. பார்த்துக்கொண்டே, ஒரு முடிவைச் சரிபார்க்கும் குரலில் சொன்னாள்:

"அப்ப எங்களுக்குக் கன்ட்ரோல் நீங்கதான் சார்."

சாப்பிட்ட மூவருக்கும் உடம்புக்கு வந்தது. சாப்பிடாத ஒருவனுக்கு வரவில்லை. அவளுடைய காமாலை தண்ணீரால் வந்ததில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றை அந்த அறையில் வேறு யாராலும் கொடுத்திருக்க முடியாது. என் பெயரை அவள் அடிக்கவில்லை. சாப்பிட்டவர்கள் வரிசையிலிருந்து எடுத்து, கீழே தனியாக எழுதினாள். பாதி அளவும் வேண்டாம் என்று முதலாளி அன்றைக்கே பதில் அனுப்பினார். முதல் லாட்டை ஆலையில் விழுங்கும் வழக்கமும் அன்றோடு நின்றது.

என்னை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஓய்வு வயதுவரை இருக்கச் சொன்னார். கையெழுத்தை மட்டும் அமலிக்கு மாற்றினார். அதற்குப் பிறகு நான் இருந்த காலமெல்லாம் அவள் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினாள், டீ வந்தால் என் மேசைக்கும் வந்தது. ஆனால் எந்த வேலையிலும் கன்ட்ரோலை என்னிடம் தயாரிக்கக் கொடுத்ததில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை நானே விழுங்குவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்று பெரியவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள். நல்ல கேள்விதான். நானும் அதைக் கேட்டேன். என் தொண்டை சரியான விடையையும் சொன்னது. அந்த விடையை என் ஒருவனுக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டேன். அதனால் அந்தக் கேள்வியை நீங்கள் எனக்காகக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்: விழுங்க மாட்டேன் என்று தெரிந்த பிறகு, பக்கத்தில் தம்ளரோடு நிற்பவரிடம் அதைச் சொல்வேனா?

போன மாதம் ஏதோ வேலையாக ஆய்வகத்துக்கு வந்திருந்தேன். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். நான் உட்கார்ந்திருந்தபோது விளக்கு ஒரு முறை மங்கி எரிந்தது. யுபிஎஸ் விழித்துக்கொண்டது, எதுவும் நிற்கவில்லை. அமலி எழுந்து போய்த் தட்டை வெளியே எடுத்தாள். குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் எழுந்து போய், காலிக் குப்பிகளை வாங்கி, குழாயடியில் வைத்துக் கழுவிக் கொடுத்தேன். அதை மட்டும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.